கொல்லிமலைக்கு எத்தனை 'ரேஸ்'?

பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே ஆட்டத்துக்குச் சொந்தமாக ஓர் உலகத்தை உண்டாக்குகிறவர்கள் சீக்கிரமே வந்து நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. வரைபடம் போட்டாச்சு, மலைக்கும் ஆற்றுக்கும் பேர் வைத்தாச்சு. அடுத்தது, இந்த உலகத்தில் ஆடுகிறவர் யாராகப் பிறக்கலாம்? எல்ஃப், ட்வார்ஃப் மாதிரி நம்ம ஊருக்கு என்ன? நானும் நண்பர்கள் நாலு பேரும் வல்வில் ஓரி காலத்துக் கொல்லிமலையை வைத்து ஓர் ஆட்டம் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறோம். கேரக்டர் ஷீட்டில் 'ரேஸ்' என்கிற அந்த ஒரு கட்டத்தை நிரப்பத்தான் படிக்க ஆரம்பித்தேன். அது எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தக் கட்டத்தின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மனிதர், எல்ஃப், ட்வார்ஃப், ஹாபிட் என்று நாலு வகை. டோல்கீன் கதைகளின் உரிமை வைத்திருந்த தரப்பு ஆட்சேபித்த பிறகு ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது. ட்வார்ஃபாகப் பிறந்தால் சண்டைக்காரன்தான், அதிலும் 6-ஆம் நிலைக்கு மேல் ஏற முடியாது. ஹாபிட்டுக்கு 4-ஆம் நிலையோடு சரி. மனிதனுக்கு மட்டும் வரம்பே கிடையாது. 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், எந்த ரேஸுக்கு எந்த ரேஸைக் கண்டால் பிடிக்கும், எதைக் கண்டால் ஆகாது என்று ஓர் அட்டவணையே போட்டிருந்தார்கள். பிறப்போடு ஒட்டியிருந்த புள்ளிகளை ஆடுகிறவரே இஷ்டம்போல மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று 2020-இல் ஒரு விதி வந்தது. 2024 கையேட்டில் 'ரேஸ்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'ஸ்பீஷிஸ்' என்று போட்டார்கள். ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது அதுக்கு.

தமிழில் யோசிக்கிற யாருக்கும் உடனே தோன்றுகிற பதில் ஐந்திணை. எங்கள் குழுவிலும் அதுதான் முதலில் வந்தது. குறிஞ்சிக்குச் சேயோன், முல்லைக்கு மாயோன்; தெய்வம், உணவு, பறை, யாழ் எல்லாம் ரெடிமேடாக இருக்கிறது. குறவருக்கு வில்லில் 2 புள்ளி கூடுதல், பரதவருக்கு நீச்சலில் 2 புள்ளி கூடுதல், ஆட்டம் ஆரம்பம்!

ஆனால் மூல நூல்களைத் திறந்தால் வேறு மாதிரி இருக்கிறது. தொல்காப்பியம் கருப்பொருளாகப் பெயர் சொல்லி எண்ணுவது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டு. அந்த எட்டில் மனிதர் இல்லை! ஆயர், வேட்டுவர் போன்ற பெயர்கள் தனியாக, நிலமக்களின் பெயர் பற்றிப் பேசுகிற இடத்தில் வருகின்றன. நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணின பெரிய பட்டியல் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டு நம்பியகப்பொருளிலிருந்து வந்தது. அங்கே கருப்பொருள் 14. மரத்தோடும் பறவையோடும் சேர்ந்து மனிதர்களும் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள், அதுவும் 'உயர்ந்தோர்', 'அல்லோர்' என்று இரண்டு வரிசையாக. ஒரே மலையில் வெற்பனும் சிலம்பனும் மேல் வரிசை, குறவரும் கானவரும் கீழ் வரிசை. ஆட்டத்துக்கு ஐந்து ரேஸ் தேடிப்போன எனக்கு, கூடவே ஏணிப்படியும் இலவசமாகக் கிடைத்தது.

தொல்காப்பியத்தில் எனக்குப் பிடித்தது வேறொரு விதி. உரிப்பொருளைத் தவிர மற்றவை ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றுக்குள் கலந்து வரலாம் என்று அது இடம் கொடுத்துவிடுகிறது. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வந்தால் தப்பில்லை. நல்ல ஆட்ட விதி எழுதுகிறவன் இப்படித்தான் எழுதுவான்.

கொல்லிமலையைப் பார்த்தவர்களுக்கு அந்த விதியின் அருமை புரியும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால், 1000 மீட்டருக்கு மேல், பள்ளத்தாக்குகளில் நெல் வயல்! சரிவில் சாமை, கேழ்வரகு. மரத்தில் மிளகுக்கொடி, பக்கத்தில் பலா. சாமையிலேயே வெள்ளைப்பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று வகைவகையாக இருந்தன. சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பரவிய பிறகு அந்த இடமெல்லாம் சுருங்கிவிட்டது. மலைமேல் ஏர் உழுது நெல் விளைவிக்கிறவரைக் குறிஞ்சியில் வைப்பதா, மருதத்தில் வைப்பதா?

இன்று அங்கே பெரும்பான்மையாக இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர், மலைக்காரர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று அவர்களே சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலையில் குடியேறினார்கள் என்பது கதை. பதிவான வடிவங்களில் அவர்கள் வெவ்வேறு சமூகத்துப் பெண்களை மணந்துகொள்கிறார்கள். அதாவது அவர்களுடைய தோற்றக்கதையே இடம்பெயர்ந்த கதை, கலந்த கதை. 'ஆதி முதல் அந்த மலையிலேயே இருந்த தூய இனம்' என்று எந்த ஃபேன்டஸி கையேடும் எழுதும் வரியை இவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தக் கதையை அச்சில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். க. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி அவர் வெளியிட்ட 7 தொகுதிகளில், மலையாளிகள் 4-ஆம் தொகுதியில் வருகிறார்கள். அகர வரிசைப்படி ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பதிவு: பழக்கம், கல்யாணம், சாமி, உடை. இடையிடையே உடல் அளவுகள். மனிதர்களின் தலை அகலத்தையும் மூக்கு அகலத்தையும் கருவி வைத்து அளந்து எழுதினவர் அவர். ஆட்டக் கையேட்டில் ரேஸ் பக்கத்தைப் படித்துப் பழகினவருக்கு அந்தத் தொகுதிகளின் வடிவம் புதிதாகவே தெரியாது. பிறப்பைத் தெரிந்துகொண்டால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்ற அதே நம்பிக்கை இரண்டிலும்.

அந்த நம்பிக்கை அளவெடுப்பதோடு நிற்கவில்லை. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இன் புதிய சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் அமலானது. பிறந்த சமூகத்தை வைத்தே ஒருவர் ரேகை பதியவேண்டும், ஆஜராக வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்த கள்ளர் சமூகத்தினர் மேல் போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். சட்டம் ரத்தானது 1952-இல். 'ஓர்க் என்றால் தீயவன், பிறவியிலேயே' என்று மான்ஸ்டர் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் பகடையை எடுக்க எனக்குக் கை வராததற்கு இதுதான் காரணம். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களின் சண்டை, நமக்கென்ன என்று சில நண்பர்கள் சொல்வார்கள். நம்ம ஊரில் அந்த வரி சட்டமாகவே இருந்திருக்கிறது.

இன்றைக்கும் பட்டியலுக்கு பலம் உண்டு. மலையாளிகள் தமிழ்நாட்டில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் மாவட்டம் குறிப்பிட்டு. சேலம், திருச்சிராப்பள்ளி, தருமபுரி எல்லாம் அதில் உண்டு, கோயம்புத்தூர் இல்லை. 1997-இல் சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தபோது கொல்லிமலைக்காரருக்கு அந்த உரிமை தொடர்ந்தது. 1979-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தில், பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளோ பழங்குடிச் சான்றிதழ் கேட்டு வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அதே பெயர், மலை வேறு, மாவட்டம் வேறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உதவித்தொகை அந்தக் கோட்டில் மாறிவிடுகிறது.

ஆகவே எங்கள் ஷீட்டில் ரேஸ் கட்டத்தை அடித்துவிட்டோம். மலையாளி என்ற பெயரையும் ஆட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. சங்கப் பாட்டுகள் கொல்லியில் காட்டும் குறவரும் கானவரும் இன்றைய மலையாளிகளும் ஒரே ஆட்கள் என்று நான் எழுத முடியாது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் விழா நடக்கிறது, அந்தச் சொந்தம் அவர்களுடையது, எங்கள் பகடைக்கு அங்கே வேலையில்லை.

ரேஸுக்குப் பதிலாக 'நாடு' என்று ஒரு கட்டம் வைத்தோம். இது கொல்லிமலையிலிருந்தே எடுத்தது: இன்றும் அங்கே ஊராட்சிகளின் பெயர் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்றுதான் இருக்கும். ஆட்டத்து நாடுகளுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எந்த நாட்டில் வளர்ந்தாரோ அந்த நாட்டின் விதை, வழி, சாமி அவருக்குத் தெரியும். வேறு நாட்டில் மூன்று பருவம் தங்கினால் அதுவும் தெரியவரும். அடுத்த கட்டம் 'எங்கிருந்து வந்தோம்'. அதை நடத்துநர் எழுதித் தரமாட்டார். ஆடுகிறவரே சொல்லவேண்டும், ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னாலும் சரி. வில்லுக்கான புள்ளி, வில் பழகினவருக்கு.

கொல்லிப்பாவையை மட்டும் யாரும் ஆட முடியாது. சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு உவமையாகச் சொன்ன அந்தப் பாவை, பின்னால் வந்த கதைகளில் சிரித்தே ஆளைக் கொல்கிறவள் ஆகிவிட்டாள். அவளுக்கு ஷீட்டே கிடையாது, புள்ளியும் கிடையாது.

ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. எங்கள் முதல் ஆட்டம் அதற்கு மறுநாள் காலையில் தொடங்குகிறது. சாமை அறுப்புக்குத் தயாராக நிற்கிறது. மலையடிவாரத்திலிருந்து சேரனின் ஆள் ஒருவன், யார் யார் எந்தக் கூட்டம் என்று எழுதிக்கொள்ள ஏறி வந்துகொண்டிருக்கிறான். அவனிடம் என்ன சொல்வது என்பதை ஆட்டக்காரர்கள் நாலு பேரும்தான் முடிவு செய்யவேண்டும்.