எக்ஸ்ரே ரூம் ஊழியரின் பேட்ஜ்: கதிர்வீச்சை ஞாபகம் வைக்கும் படிகம்!

கல்வராயன் மலையில் வழுக்கி விழுந்து கை முறிந்த ஒருவர், கீழே இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒன்றோ இரண்டோ எக்ஸ்ரே. ஆனால், படம் எடுக்கும் ஊழியருக்கு அந்த ரூமில்தான் நாள் முழுக்க வேலை. கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, தொட்டாலும் தெரியாது. அப்படியானால் அவர் மீது எவ்வளவு பட்டது என்பதற்கு என்ன கணக்கு? அவர் நெஞ்சில் மாட்டியிருக்கும் சின்ன பேட்ஜ்தான்!

பேட்ஜுக்குள் என்ன இருக்கிறது?

இதன் பெயர் டி.எல்.டி பேட்ஜ். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் பேட்ஜில் மூன்று சின்ன வில்லைகள் இருக்கும். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் என்ற பொருளால் ஆனவை அவை. இதே வேலையைச் செய்யும் இன்னொரு பிரபலமான பொருள், லித்தியம் ஃபுளோரைடு. கதிர்வீச்சை உள்வாங்குவதில் இது கிட்டத்தட்ட மனித உடல் திசுவைப் போலவே நடந்துகொள்ளும். அதனால், புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையில் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

படிகம் எப்படி ஞாபகம் வைக்கிறது?

லித்தியம் ஃபுளோரைடு கண்ணாடி போலத் தெளிவான படிகம். அதில் லித்தியமும் ஃபுளோரினும் வரிசை மாறாமல் அடுக்கப்பட்டிருக்கும். கதிர்வீச்சு பாயும்போது சில ஃபுளோரின்கள் இடம்பெயர, அங்கே காலியிடம் உருவாகும். அந்த இடத்தில் ஓர் எலக்ட்ரான் வந்து மாட்டிக்கொள்ளும். இதுதான் 'நிற மையம்'. விஞ்ஞானிகள் இதை 'எஃப் மையம்' என்பார்கள். நிறத்தைக் குறிக்கும் 'ஃபார்பே' என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது.

அடுத்தடுத்த இரண்டு, மூன்று காலியிடங்கள் சேர்ந்தும் மையங்கள் உருவாகும். இவற்றின் மீது சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளியை அடித்தால் படிகமே ஒளிரும். இரண்டு காலியிட மையம் சிவப்பாகவும் (சுமார் 670 நானோமீட்டர்), மூன்று காலியிட மையத்தில் ஒரு வகை பச்சையாகவும் (சுமார் 540 நானோமீட்டர்) ஒளிவிடும். ஒரு குறிப்பிட்ட அளவு வரை, கதிர்வீச்சு கூடக்கூட வெளிச்சமும் கூடும். அதை அளந்தால் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று சொல்லிவிடலாம்.

பேட்ஜிலும் நீல ஒளிதானா?

இல்லை, அங்கே சூடு. வில்லையைச் சூடாக்கும்போது மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு, அந்த ஆற்றல் ஒளியாக வெளியே வரும். அது மிக மங்கலான ஒளி என்பதால் கருவி வைத்துத்தான் அளக்க முடியும்.

இன்னொரு முக்கியமான வித்தியாசமும் உண்டு. சூடாக்கிப் படித்தால் பதிவு பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால் அதே வில்லையை மறுபடியும் பயன்படுத்தலாம். நீல ஒளியில் படித்தால் நிற மையங்கள் அப்படியே இருக்கும். திரும்பவும் படித்துப் பார்க்கலாம்.

எவ்வளவு வரை அனுமதி?

கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட். தொடர்ந்து 5 ஆண்டுகளில் மொத்தம் 100-ஐத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். நோயாளி சிகிச்சைக்காக எடுக்கும் எக்ஸ்ரே இந்தக் கணக்கில் வராது. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைப்பது பொதுவாக 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவுதான். எனவே டாக்டர் எழுதிக் கொடுத்த எக்ஸ்ரேயைப் பயந்து தவிர்க்க வேண்டாம்.

பேட்ஜ் காப்பாற்றுமா?

காப்பாற்றாது! கதிர்வீச்சைத் தடுப்பது ஈய ஏப்ரனும், தடுப்புச் சுவரும், தள்ளி நிற்கும் தூரமும்தான். பேட்ஜ் கணக்கு மட்டும்தான் எழுதும். அதுவும் சரியாக மாட்டினால்தான்.

* ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சுப் பகுதியில் மாட்ட வேண்டும்.
* ஒருவர் பேட்ஜை இன்னொருவர் போடக் கூடாது.
* வேலை முடிந்ததும் எக்ஸ்ரே ரூமிலேயே தொங்கவிட்டுப் போகக் கூடாது. யார் மீதும் படாத கதிர்வீச்சு உங்கள் பெயரில் பதிவாகும்.
* வெயில், சூடு படும் இடத்தில் வைக்கக் கூடாது.

பேட்ஜை மேஜை டிராயரில் போட்டுவிட்டு வேலை பார்த்தால் ரிப்போர்ட் சுத்தமாகத்தான் வரும். ஆனால் அது டிராயரின் ரிப்போர்ட், உங்கள் உடம்பின் ரிப்போர்ட் இல்லை. படிகம் பொய் சொல்லாது. தன் மீது பட்டதை மட்டும்தான் சொல்லும்.