ஜிபேட் மதிப்பெண்: எண்ணும் பொருளும்

எம்.ஃபார்ம். சேர்க்கைக்கான தேசியத் தேர்வாக 2009 வரை இருந்தது ‘கேட்’. 2010இல் ஏ.ஐ.சி.டி.இ. ‘ஜிபேட்’டைத் தொடங்கியது, 2019இல் தேசியத் தேர்வு முகமையும், 2024இல் மருத்துவ அறிவியல் தேசியத் தேர்வு வாரியமும் அதனை நடத்தும் பொறுப்பேற்றன.

125 வினாக்கள், 500 மதிப்பெண்கள்; சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழிவு. 80 சரி, 20 தவறு எனில் 300. அதாவது 60 விழுக்காடு. ஆயின் அவருடைய நூற்றுமானம் 60 என்று கொள்ளலாகாது. நூற்றுமானம் உடன் எழுதியோரிடையே அவர் நிற்கும் இடத்தைக் காட்டுவது, ஆண்டுதோறும் மாறக்கூடியது.

ஏ.ஐ.சி.டி.இ.யின் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு இத்தேர்வுத் தகுதியே வாயிலாக இருந்துவந்துள்ளது. ஆதலின் ஆய்வேடுகளில் ஆண்டு, மதிப்பெண், நூற்றுமானம், தரவரிசை ஆகிய நான்கையும் தனித்தனியே குறிப்பிடல் வேண்டும். ஆண்டு குறிக்காத எண்ணை ஒப்பிட இயலாது.