பிரியாணி யாருக்குச் சொந்தம்?

பெருநாள் விடுமுறை முடிந்து மதரஸாவுக்குத் திரும்பும் மாணவர்களிடையே தவறாமல் ஒரு வழக்கு எழும்: ஆம்பூர் பிரியாணி அசலா, திண்டுக்கல் பிரியாணி அசலா? காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு ஆம்பூரின் பக்கம் சாய்வது எளிது. அவ்வூரையும் வேலூரையும் ஆற்காட்டையும் கடந்து வரும் பாலாறுதானே நம் ஊருக்கும் அருகே ஓடுகிறது! ஆயினும், அசல் எது என்று தேடப் புகுந்தால் வரலாறு நம்மை வேறோர் இடத்தில் கொண்டு நிறுத்துகிறது.

பிரியாணி என்பது பாரசீகத்திலிருந்து வந்த பெயர். வறுத்தல், பொரித்தல் எனும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காடு கர்நாடக நவாபுகளின் தலைநகராக விளங்கியது. அவர்களுடைய சமையற்கட்டுகளிலிருந்தே இப்பகுதி மக்கள் இக்கலையைக் கற்றனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆனால் தேக்சாவில் வேகும் அரிசியோ தமிழ் மண்ணின் சீரக சம்பா. ஊறவைத்து அரைத்துச் சேர்க்கும் மிளகாயும், உடன் வதங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாயைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர்.

அதற்கு முன் இந்நாட்டுச் சமையலில் காரத்திற்கு மிளகே முதன்மையாக இருந்தது. நம் ஊர் வரதராசப் பெருமாள் கோயிலின் இட்லியில் இன்றும் மிளகு, சீரகம், சுக்கு ஆகியவையே மணக்கின்றன. மிளகாய்க்கு அங்கே இடமில்லை.

இதே வழக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடக்கிறது. அரிசியைத் தக்காளி, வெங்காயம், மிளகாய்ச் சாற்றில் ஒரே பானையில் வேகவைக்கும் ஜொலோஃப் சோறு எங்களுடையதே சிறந்தது என நைஜீரியரும் கானா நாட்டவரும் ஓயாது வாதிடுகின்றனர். பெயரோ செனகலில் வாழும் வொலோஃப் மக்களின் பழைய ஜொலோஃப் அரசை நினைவூட்டுகிறது. அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நம் மார்க்கச் சகோதரர்கள். செனகலின் மீன்சோறு 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆப்பிரிக்காவுக்கென்றே தொன்மையான நெல்லினம் இருந்தபோதும், பிரெஞ்சு ஆட்சியில் இந்தோசீனாவிலிருந்து வந்திறங்கிய நொய்யரிசியே அந்தச் சோற்றுக்கு உரியதாகிவிட்டது.

ஆக, எந்தப் பானையும் ஓர் ஊரின் தனிச்சொத்தன்று. உழவர், மாலுமி, அரண்மனைச் சமையற்காரர், வீட்டுப் பெண்கள் எனப் பெயரறியாப் பலரின் உழைப்பை அல்லாஹ் ஒன்றுகூட்டி நமக்கு உணவாக்குகிறான். இதை உணர்ந்தவருக்குப் பெருமை பேசத் தோன்றாது. நன்றி சொல்லவே தோன்றும். அந்த நன்றிக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழியும் காட்டினார்கள். குழம்பு வைக்கும்போது நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள்.

தறியோசையும் கோயில் மணியும் பாங்கொலியும் கலந்து கேட்கும் நம் தெருக்களில் இவ்வறிவுரைக்குத் தேவை மிகுதி. அண்டை வீட்டார் புலால் உண்ணாதவராயின் பழமோ இனிப்போ கொண்டு செல்வோம். அடுத்த பெருநாளில் தம் உடைத்ததும், எது அசல் என்ற வழக்கைத் தொடங்குமுன், முதல் தட்டு யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்ப்போம்.