ஸ்டீயரிங்குக்குள் ஒரு பலூன்

போன மழைக்காலத்தில் புனேயில் முன்னால் போன டெம்போவின் பின்னால் கொண்டுபோய் முட்டினேன். மெதுவாகப் போனதால் யாருக்கும் அடியில்லை, ஏர்பேகும் விரியவில்லை. பத்து நாள் கழித்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து கார் பளபளவென்று வந்தது. ஆனால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு மட்டும் அணையவே இல்லை.

"டென்ஷன் ஆகாதீங்க சார், விளக்கு எரியாம பண்ணிடலாம்" என்றார் மெக்கானிக், இந்தியில். ஏர்பேக் கிடக்கட்டும், விளக்கை மட்டும் ஏமாற்றி அணைத்துவிடலாம் என்று அர்த்தம். தலையாட்டத்தான் இருந்தேன். அப்போதுதான் எங்கோ படித்த ஹெட்ரிக் கதை ஞாபகம் வந்தது.

1952. அமெரிக்காவின் பென்சில்வேனியா. ஜான் ஹெட்ரிக் என்ற எஞ்சினியர் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போகிறார். சாலையில் திடீரென்று ஒரு பாறை. வண்டியைத் திருப்பி, பிரேக்கை அழுத்தும்போதே கணவன் மனைவி இருவர் கையும் தானாகக் குழந்தையின் முன்னால் நீண்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கைக்குப் பதிலாக ஏதாவது ஒன்று சட்டென்று வந்து தாங்கினால் என்ன என்று வீடு வரும்வரை யோசித்தார். 1953-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரரும் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார்.

யோசனை சரி, செயல்படுத்துவதுதான் கஷ்டம். மோதிய கணத்திலிருந்து ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் பை விரிய வேண்டும். அழுத்திய காற்று அந்த வேகத்துக்குப் போதவில்லை. 1968-ல் ஆலன் பிரீட் மோதலைக் கண்டுபிடிக்கும் சென்சாரைக் கொண்டுவந்தார். பிறகு ரசாயனத்தைப் பற்றவைத்து, அதில் வரும் வாயுவால் பையை நிரப்பினார்கள். 1970-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்தது, 1981-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில். ஹெட்ரிக்கின் காப்புரிமைக் காலம் அதற்குள் முடிந்தேபோயிருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலும், பக்கத்து சீட்டுக்கானது புது கார்கள் எல்லாவற்றுக்கும் 2022 ஜனவரியிலும் கட்டாயமாயின.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம், ஹாரனை அடித்துப் பார்க்கலாம். ஏர்பேகை வெடித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் சாவி போட்டதும் கம்ப்யூட்டரே எல்லா இணைப்பையும் சோதிக்கிறது. விளக்கு சில விநாடி எரிந்து அணைந்தால் நலம். அணையாவிட்டால், விபத்தில் பை விரியாமலே போகலாம். அந்த விளக்கை விட்டால் நமக்குச் சொல்ல வேறு ஆளில்லை.

மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஸ்கேனர் வைத்திருக்கும் இன்னொரு இடத்துக்குப் போனேன். ஓட்டுநர் ஏர்பேக் இணைப்பில் கோளாறு என்று காட்டியது. "ஹாரன் அடிக்குதா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். அடித்துப் பார்த்தேன், சத்தமில்லை. இரண்டுக்கும் கரண்ட் போவது ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருட்டி வைத்த நாடா போன்ற ஒரே ஒயர் வழியாகத்தான். கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ரிப்பேரின்போது ஸ்டீயரிங்கைக் கழற்றி, நேராக வைக்காமல் மாட்டியதில் அது அறுந்திருந்தது. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்து, புதிதாக மாற்றினார். விளக்கு அணைந்தது, ஹாரனும் அலறியது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவி போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவே இல்லையென்றால், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

இப்போது தினமும் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து என் மகள்தான் சொல்கிறாள்: "அணைஞ்சிடுச்சுப்பா, போலாம்."