அச்சும் அசலும்

"அப்பாவை அச்சு அசலா உரிச்சு வச்சிருக்கு" என்று குழந்தையைப் பார்த்துச் சொல்லாத தமிழ் வீடு இருக்காது. இந்தத் தொடரில் 'அசல்' அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல். வேர், மூலம் என்று பொருள். 'அச்சு' நம் பக்கத்துச் சொல். கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் உண்டு. வீட்டுப் பேச்சில் இரண்டும் கைகோத்து நின்று ஒரே பொருளைத் தருகின்றன. ஓவியக் கூடத்துக்குள் நுழைந்ததும் இதே சொற்கள் எதிரிகளாகிவிடுகின்றன. அசல் என்றால் விலை உயர்ந்தது, அச்சு என்றால் மலிவானது என்று ஆகிவிட்டது.

மும்பை செம்பூரில் வளர்ந்து, ஓவியக் கல்லூரியில் அச்சோவியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்திருக்கும் ஒரு மாணவியின் வீட்டில் இந்தப் பகை நேராகவே வெளிப்பட்டது. ஒரே துத்தநாகத் தகட்டிலிருந்து எடுத்த சில தாள்களை அவள் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால் வரிசை எண்ணும் கையெழுத்தும்.

"இதுல எதும்மா ஒரிஜினல்?" என்று கேட்டார் பெரியப்பா.

"எல்லாமே ஒரிஜினல்தான் பெரியப்பா."

"அப்ப அந்தத் தகடு?"

"அது அச்சு."

பெரியப்பாவின் கேள்வி, அச்சோவியம் செய்கிற எல்லாரும் உலகம் முழுக்க எதிர்கொள்கிற கேள்வி. ஆனால் அவளுடைய கடைசிப் பதிலைத் தமிழால் அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிகிறது. அது எப்படி என்று பார்க்க இந்தச் சொல்லோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

பழைய இலக்கியத்தில் அச்சு என்றால் முதலில் வண்டிதான். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறது 475ஆம் குறள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில், உப்பு வணிகர் வண்டியின் கீழே கட்டித் தூக்கிச் செல்லும் மாற்று அச்சுக்குச் 'சேம அச்சு' என்று பெயர். ஔவையார் அதை அதியமானின் மகனுக்கு உவமையாக்குகிறார். இந்த வண்டி அச்சை வடமொழி 'அக்ஷ'த்தோடு சேர்த்துப் பார்ப்பது சொல்லாராய்ச்சி வழக்கம். வார்ப்புக் கருவி, பதிக்கும் கருவி என்னும் அச்சு வேறு சொல். ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே உடையில் உலவுகின்றன.

நாம் பின்தொடர வேண்டியது இரண்டாவது அச்சை. வெல்லப்பாகு ஊற்றும் மரக்குழி அச்சு. அதில் உறைந்தது அச்சுவெல்லம். இடியாப்பம் பிழியும் துளைத்தகடு அச்சு. தறியில் பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் சீப்புப் போன்ற உறுப்பும் அச்சு. பழைய பாவின் முனையோடு புதிய பாவை முடிவதை அச்சுப் பிணைத்தல் என்பார்கள். தாராவியில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் அச்சு முறுக்கு வாசனை வரும். காய்ந்த எண்ணெயில் சூடேற்றிய இரும்புப் பூவை மாவில் தோய்க்கும்போது மேல்விளிம்பு மூழ்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூழ்கினால் முறுக்கு கழன்று வராது. அந்த இரும்புப் பூவின் பெயரும் அச்சுதான்.

இவை எல்லாவற்றிலும் அச்சு என்பது பிறப்பிக்கிற பொருளைக் குறிக்கிறது. பிறந்த பொருளுக்கு வெல்லம், முறுக்கு, இடியாப்பம் என்று தனிப் பெயர் இருக்கிறது. எனக்குத் தெரிந்து பழைய வழக்கில் பெரிய விதிவிலக்கு ஒன்றுதான்: நாணயம். இடைக்காலக் கல்வெட்டுகளில் அச்சு என்பது காசின் பெயராகவே வருகிறது. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் 'பழஞ்சலாகை அச்சு' என்று அடைமொழியோடும் வரும். காசின் மதிப்பு அதில் விழுந்த முத்திரையில் இருப்பதால், முத்திரையைத் தந்த கருவியின் பெயர் காசுக்கே ஏறியிருக்க வேண்டும்.

எழுத்துக்கு வருவோம். தமிழ் எழுத்துகளுக்கு முதலில் உலோக அச்சு வார்க்கப்பட்டது மும்பைக்குத் தெற்கே, இதே கொங்கணக் கரையில், கோவாவில். ஆண்டு 1577. மறு ஆண்டு கொல்லத்தில் இன்னொரு தொகுதி வார்த்தார்கள். 1578 அக்டோபர் 20ஆம் தேதி ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் கொல்லத்தில் வெளிவந்தது. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல் அது. பின்னாளில் சீகன்பால்கு பாதிரியாரின் தரங்கம்பாடி அச்சகம். 1835இல் அச்சகம் நடத்த இருந்த தடை நீங்கியபின் ஊருக்கு ஊர் அச்சுக்கூடங்கள்; 19ஆம் நூற்றாண்டு நூல்களின் முகப்பில் 'முத்திராட்சரசாலை' என்ற கம்பீரமான பெயரையும் காணலாம்.

அந்தக் காலத்தில் பிறந்த ஒரு தொடர் எனக்கு மிகவும் பிடித்தது: 'அச்சு வாகனம் ஏறியது.' ஓலைச்சுவடி நூல் அச்சானதை அப்படிச் சொன்னார்கள். சாமி வாகனம் ஏறி வீதிக்கு வருவதுபோல நூலும் ஊரார் முன் வந்தது. வாகனம் என்றதும் வண்டியின் அச்சும் நினைவுக்கு வந்துவிடுகிறது. வேர் வேறான இரண்டு அச்சுகளும் சந்தித்துக்கொண்ட இடம் இது. 'அச்சேறியது' என்று இன்று நாம் எழுதுவது அதன் சுருக்கம்.

ஆனால் இதே காலத்தில்தான் சொல்லின் முகமும் திரும்பியது. 'அச்சில் பார்த்தேன்' என்றால் தாளில் பார்த்தேன் என்று பொருளாயிற்று. பிறப்பித்ததன் பெயர் பிறந்ததற்குப் போயிற்று. ஒரே மாதிரி ஆயிரம் தாள்கள் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. அச்சு என்றாலே நகல் என்ற இன்றைய மயக்கம் இங்கே தொடங்கியது.

இந்த மயக்கத்தைப் பெரிதாக்கியதில் மும்பைக்குப் பங்கு உண்டு. 1894இல் ஓவியர் ரவிவர்மா இந்த ஊரில் ஓர் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் போயிற்று. ஜெர்மன் இயந்திரம், கல்லச்சு முறை. நிறத்துக்கு ஒரு கல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, எண்ணெய் ஓவியத்தின் தோற்றத்தைத் தாளில் கொண்டுவந்தார்கள். மாட்டுங்காவிலும் மதுரையிலும் பூஜை அறைகளில் லட்சுமியும் சரஸ்வதியும் குடியேறினார்கள். 'ரவிவர்மா படம்' என்பது தமிழில் ஒரு பொதுப்பெயராகவே ஆனது. அந்தப் படங்களின் அசல் ஒரு திரைச்சீலை ஓவியம். அச்சு அதை எட்டிப்பிடிக்கப் பார்த்தது. கல்லச்சில் வேலை முடிந்தால் கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அச்சு அழிந்து தாள் மட்டும் நின்றது.

ரவிவர்மா அச்சகத்துக்காக வேலை செய்தவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர். சொந்தமாகவும் அச்சகம் நடத்தினார். மாட்டுங்காவுக்கு அடுத்த நிலையமான தாதரில் அவர் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' 1913இல் திரைக்கு வந்தது. மை அச்சிலிருந்து ஒளி அச்சுக்கு ஒரே மனிதர் நடந்து போயிருக்கிறார். சினிமாக்காரர்கள் படச்சுருளைப் 'பிரிண்ட்' என்று சொல்வதில் அந்த உறவு மிச்சமிருக்கிறது.

ஒளிக்கும் அச்சுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. 1820களில் பிரான்சில் நீப்ஸ் என்பவர், கையால் செதுக்காமல் ஒளியாலேயே அச்சுத் தகடு செய்ய முடியுமா என்று தேடினார். செதுக்கோவியக்காரர்கள் தகட்டில் பூசும் அதே நிலக்கீலைப் பூசி வெளிச்சம் காட்டினார். வெளிச்சம் பட்ட இடம் இறுகியது. படாத இடம் கரைந்தது. புகைப்படம் என்னும் கலை அச்சைத் தேடிப் போனவரின் கையில் கிடைத்தது.

அதே உத்தி இன்று தாராவியின் துணிப் பட்டறைகளில் தினமும் நடக்கிறது. சட்டத்தில் இறுக்கிய வலைத்துணியில் ஒளிக்கு மசியும் பசையைப் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே படம் வரைந்த ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். ஒளி பட்ட பசை இறுகிவிடும். ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்த வழியாக மை இறங்கும். பட்டறையில் இதற்கு 'ஸ்கிரீன்', 'எக்ஸ்போஸிங்' என்றுதான் பெயர். மாட்டுங்காக் கடைத்தெருவில் கோலமாவோடு சேர்த்து விற்கிற துளையிட்ட தகரத் தட்டும் செய்வது இதே வேலை: துளை வழியே மாவு விழுகிறது, தரையில் தாமரை வருகிறது. அதற்குக் கோல அச்சு என்று பெயர் வைத்தவர்கள் சரியாகவே வைத்திருக்கிறார்கள்.

ஒளியும் அச்சும் தமிழில் ஒரே சொல்லாகவும் சேர்ந்தன. கணிப்பொறி வந்த காலத்துத் தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றின் முன்பக்கத்தில் 'ஒளியச்சு' என்று ஒரு வரி இருக்கும். ஈய எழுத்தைக் கையால் கோத்த அச்சுக்கோப்பாளர் இருந்த இடத்தில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்தது. இப்போது அதுவும் அருகிவிட்டது.

செம்பூர் மாணவியின் தகட்டுக்குத் திரும்புகிறேன். அமிலம் அரித்த பள்ளங்களில் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பை மெல்லிய துணியால் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளை அழுத்தத்தில் ஓட்டும் முறை அது. இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. ஒளி வேண்டுமானால் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தில் தாளின் வெண்மை ஒளியாகிறது. துடைக்கிற கையின் அழுத்தம் தாளுக்குத் தாள் மாறும். அதனால்தான் அவளுடைய தாள்கள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள், நகல்கள் அல்ல. ரெம்பிராண்ட் 1653இல் செய்த 'மூன்று சிலுவைகள்' தகட்டைச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கீறினார். முன்பு ஒளி கொட்டிய இடங்கள் இருண்டன, ஆட்கள் மறைந்தார்கள். தகடு ஒன்று, படம் இரண்டு.

அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஓவியர் சோம்நாத் ஹோர். சிட்டகாங்கில் 1921இல் பிறந்தவர். வங்கப் பஞ்சத்தையும் போரையும் கண்ணால் கண்டவர். 1970களில் அவர் செய்த 'காயங்கள்' வரிசையில் மையே இல்லை. களிமண் அல்லது மெழுகுப் பலகையில் கத்தியால் கீறி, சூடு வைத்து, அதன்மேல் சிமெண்டால் வார்ப்பு எடுத்து, அந்த வார்ப்பில் காகிதக் கூழை அழுத்தினார். வந்தது வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். நேரே நின்று பார்த்தால் வெறும் தாள்போல இருக்கும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது தோல் கிழிந்தது தெரியும். நான் அறிந்த அச்சோவியங்களில் இதற்கு இணையாக மனத்தை அறுப்பது வேறில்லை. சொல்லின் பக்கமிருந்து பார்த்தாலும் இது முக்கியமான இடம். மையும் இயந்திரமும் கழன்றுபோய், வெல்லம் வார்க்கிற அதே பழைய அச்சு, குழியும் கூழும் மட்டுமாக மிஞ்சுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கலையில் நல்ல உறவு உண்டு. சித்தூர்ப் பக்கம் பிறந்து, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்துவிட்டுப் பாரிஸ் போன கிருஷ்ணா ரெட்டி, மைகளின் பிசுபிசுப்பை எண்ணெயால் கூட்டிக் குறைத்து ஒரே தகட்டில் பல நிறங்களை ஒன்றாக ஏற்றும் முறையை அங்கே வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். ரவிவர்மா அச்சகத்தில் நிறத்துக்கு ஒரு கல் தேவைப்பட்டது. இங்கே எல்லா நிறத்துக்கும் ஒரே அச்சு. தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் தன் அச்சோவியங்களால் உலக அளவில் பெயர் பெற்றார். இவர்கள் யாரும் வேறெங்கோ இருந்த ஓவியத்தை நகலெடுக்க அச்சைத் தொடவில்லை. இவர்கள் நினைத்த படம் அச்சுக்கு வெளியே எங்கும் இருந்ததில்லை.

இந்தியில் இக்கலை 'சாப்பா' என்னும் சொல்லால் வழங்குகிறது; குத்துகிற செயலின் பெயர் அது. அந்தச் சொல் கடல் தாண்டி மலாய் மொழியில் 'சாப்' ஆகி, பத்திக் துணியில் குத்தும் செம்புக் கட்டைக்கும் பெயராயிற்று. மராத்தியின் 'முத்ரண்' முத்திரையிலிருந்து வருகிறது. இந்த மூன்றில் தமிழ் மட்டும் பிறப்பிக்கிற பொருளிலிருந்து தொடங்குகிறது. மும்பையில் இந்த மூன்றுக்கும் நடுவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

அதனால் கண்காட்சிக் குறிப்பும் கலை விமரிசனமும் எழுதுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: தகட்டையும் கல்லையும் வலையையும் 'அச்சு' என்று எழுதுங்கள். அதிலிருந்து எடுத்த தாளைப் 'பதிவு' என்று எழுதுங்கள். கலையை 'அச்சோவியம்' என்று சொல்லுங்கள். 'நகல்', 'பிரதி' இரண்டையும் ஜெராக்ஸ் கடைக்கு விட்டுவிடுங்கள்.