சொந்தமா கான்ட்ராக்டர் ஆகணுமா? உரிமம் ஒன்று, காப்புறுதி வேறொன்று

பல வருஷம் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருந்த மாமா ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். "எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவங்களுக்கு வேலை செய்யறது? சொந்தமா ஒரு கம்பெனி போட்டுடலாம்னு இருக்கேன்" என்று ஒருநாள் சொல்வார். அடுத்த வாரமே படிவங்களை நிரப்பும் வேலை உங்களிடம் வந்து சேரும். "நீ ஆன்லைன்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா."

பார்த்துச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். சிங்கப்பூரில் கம்பெனியைப் பதிவு செய்வது, கட்டடம் கட்ட உரிமம் வாங்குவது, ஊழியர்களுக்குக் காப்புறுதி எடுப்பது மூன்றும் தனித்தனி வேலைகள். ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக அர்த்தம் இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பெரிய சிக்கல்கள் வருகின்றன.

கம்பெனி பதிவு மட்டும் போதாதா?

போதாது. கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்தால் உங்கள் நிறுவனம் சட்டப்படி இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கட்டடம் கட்டத் தெரியுமா என்பதை அந்தப் பதிவு சொல்லாது.

அதைப் பார்ப்பது கட்டட, கட்டுமான ஆணையம். ஆணையத்திடம் வரைபட ஒப்புதல் பெற வேண்டிய கட்டுமான வேலை எதுவானாலும், அதைச் செய்பவரிடம் கட்டுமான உரிமம் இருக்க வேண்டும். தரைவீட்டை இடித்துக் கட்டுவதும் அதில் சேரும்.

என்னென்ன உரிமங்கள் உள்ளன?

பொதுக் கட்டுமான உரிமத்தில் இரண்டு பிரிவுகள் உள்ளன.

• முதல் பிரிவு: திட்ட மதிப்புக்கு உச்சவரம்பு இல்லை. நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் குறைந்தது 300,000 வெள்ளி இருக்க வேண்டும்.
• இரண்டாம் பிரிவு: 6 மில்லியன் வெள்ளி வரையிலான திட்டங்களை எடுக்கலாம். மூலதனம் குறைந்தது 25,000 வெள்ளி.

பைலிங், எஃகுக் கட்டமைப்பு, முன்வார்ப்புக் கான்கிரீட் போன்ற வேலைகளுக்குத் தனியாகச் சிறப்புக் கட்டுமான உரிமம் தேவை.

பணம் இருந்தால் மட்டும் உரிமம் கிடைத்துவிடாது. இரண்டு பொறுப்புகளுக்கு ஆள் காட்ட வேண்டும். ஒருவர் நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்கும் 'அங்கீகரிக்கப்பட்ட நபர்'. மற்றவர் கட்டுமான வேலையை நேரடியாகக் கவனிக்கும் 'தொழில்நுட்பக் கட்டுப்பாட்டாளர்'. இவர்களின் கல்வித் தகுதியையும் அனுபவத்தையும் ஆணையம் பார்க்கும். அதனால் தெரிந்தவர் ஒருவரின் சான்றிதழை 'கடன்' வாங்கிப் படிவத்தை நிரப்பும் யோசனை மாமாவுக்கு இருந்தால், அதை இப்போதே கைவிடச் சொல்லுங்கள். படிவத்தில் பெயர் இருப்பவர்தான் பிறகு பதில் சொல்ல வேண்டும்.

அரசாங்க வேலைகளை எடுக்க வேண்டுமென்றால் ஆணையத்தின் குத்தகையாளர் பதிவு முறையிலும் இடம்பெற வேண்டும். அது உரிமத்திலிருந்து வேறுபட்டது.

வீவக வீட்டு ரெனோவேஷன் மட்டும் செய்தால்?

அதற்கு வேறு வழி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் புதுப்பிப்புப் பணி செய்பவர், கழகத்தின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். சுவரை இடிப்பது போன்ற வேலைகளுக்கு முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும்.

சில வேலைகளை அந்தப் பட்டியலில் இருக்கும் குத்தகையாளரும் தானாகச் செய்ய முடியாது. மின்கம்பி வேலைக்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர். சன்னல் பொருத்த, அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளர்.

வீட்டு உரிமையாளர்களும் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது வேலையின் தரத்துக்குக் கழகம் தரும் உத்தரவாதம் அல்ல.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

2004 ஏப்ரல் 20ஆம் தேதி, நிக்கல் நெடுஞ்சாலைக்கு அருகே எம்ஆர்டி சுரங்கப்பாதைக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து விழுந்தது. நால்வர் மாண்டனர். நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் சரிந்தது. அதன் பிறகு 2007இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. 2009 ஜூன் 16 முதல் கட்டுமான உரிமம் கட்டாயமானது.

சரி, உரிமம் கிடைச்சாச்சு. காப்புறுதி?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யார் கட்டலாம் என்பதை உரிமம் சொல்கிறது. ஊழியர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால் மருத்துவமனைச் செலவை யார் கட்டுவார்? அதற்குப் பதில் காப்புறுதியில்தான் இருக்கிறது.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, உடலுழைப்பு வேலை செய்யும் எல்லா ஊழியர்களுக்கும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். சம்பளம் எவ்வளவு என்பது கணக்கில்லை. உள்ளூர்க்காரரா வெளிநாட்டவரா என்பதும் கணக்கில்லை. உடலுழைப்பு இல்லாத வேலை என்றால், மாதம் 2,600 வெள்ளி வரை சம்பாதிப்பவர்களுக்கு அது கட்டாயம்.

காப்புறுதி எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதோடு முடிந்துவிடாது. காயமடைந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

அது எவ்வளவு இருக்கும்? 2025 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வரம்புகள்:

• மரணம்: 91,000 முதல் 269,000 வெள்ளி வரை
• நிரந்தரமாக முழுச் செயலிழப்பு: 116,000 முதல் 346,000 வெள்ளி வரை
• மருத்துவச் செலவு: 53,000 வெள்ளி வரை அல்லது விபத்து நடந்து ஓராண்டு வரை, எது முதலில் வருகிறதோ அது

இரண்டாம் பிரிவு உரிமத்துக்குத் தேவையான மூலதனம் 25,000 வெள்ளி. ஒரே ஒரு மரணத்துக்கான குறைந்தபட்ச இழப்பீடு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். காப்புறுதி இல்லாத சின்ன கம்பெனி ஒன்று ஒரே நாளில் காணாமல் போக இது போதும். அப்படிக் காணாமல் போனால், காயப்பட்டவர் யாரிடம் போய் நிற்பார்?

இந்தச் சட்டத்தில் யார்மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால் காயம் ஏற்பட்டதா என்பதுதான் கேள்வி. மருத்துவ விடுப்புக்கான சம்பளமும் இதில் அடங்கும். விபத்தால் விடுப்போ இலகு வேலையோ கொடுக்கப்பட்டால், முதலாளி 10 நாட்களுக்குள் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும்.

'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதிக்கொண்டால்?

"ஆள் எல்லாம் ஃப்ரீலான்ஸ்தான், காப்புறுதி எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையிலேயே சுயதொழில் செய்பவர் இந்தச் சட்டத்தின்கீழ் வரமாட்டார். ஆனால் காகிதத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது மட்டும் முடிவைத் தீர்மானிக்காது. நேரம் குறிப்பது நீங்கள், கருவி கொடுப்பது நீங்கள், வேலையை ஏவுவது நீங்கள் என்றால், அவர் உங்கள் ஊழியர் என்று கருதப்பட வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டு ஊழியர்களை எடுத்தால்?

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தளங்களில் உழைக்கும் பலரை நமக்குத் தெரியும். அவர்களை வேலைக்கு எடுப்பவருக்குக் கூடுதல் கடமைகள் உண்டு.

• வேலை அனுமதி, எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்புறுதி. இந்த வரம்பு 2023 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது.
• வேலை அனுமதியில் வரும், மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகை.

மருத்துவக் காப்புறுதி வேறு, காய இழப்பீட்டுக் காப்புறுதி வேறு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட முடியாது. அவற்றுக்கான செலவை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது.

வேறென்ன காப்புறுதி தேவைப்படும்?

நீங்கள் துளை போட்டதால் பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்தால்? வழிப்போக்கர்மேல் ஏதாவது விழுந்தால்? இவை ஊழியர் காயங்கள் அல்ல. இதற்குப் பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கே சேதம் வந்தால் உதவுவது 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ்' காப்புறுதி. வேலை கொடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே இவற்றைக் கேட்பது வழக்கம். விலை சொல்வதற்கு முன்பே இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் என்ன சொல்லலாம்?

முதலில் எந்த மாதிரி வேலை எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். அதை வைத்துத்தான் எந்த உரிமம், எந்தப் பட்டியல் என்பது முடிவாகும். பிறகு நிறுவனப் பதிவு, தகுதியுள்ள ஆட்கள், உரிமம். காப்புறுதி, முதல் ஊழியர் தளத்தில் கால் வைப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். முதல் திட்டத்தின் பணம் வந்த பிறகு அல்ல.

கான்ட்ராக்டரிடம் வேலை செய்பவரா நீங்கள்? காயம் பட்டால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் வேலையிடத்தில் நடந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இழப்பீடு கோர ஓராண்டு அவகாசம் உண்டு. வேலை அனுமதி ரத்தானாலும் அந்த உரிமை போகாது.

மாமாவின் 15 வருஷ அனுபவமோ 20 வருஷ அனுபவமோ, அது பெரிய சொத்துதான். ஆனால் தளத்தில் ஏணி சறுக்கும் அன்று, அனுபவம் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டாது.