எம்மாவு வழியில் பிறந்த பாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். எருசலேமிலிருந்து எம்மாவு என்ற கிராமத்துக்கு லூக்கா சொல்லும் தூரமும் இன்றைய அளவில் அவ்வளவுதான். சிலுவையில் அறையப்பட்டு இறந்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு பேர் அந்த வழியே நடந்தார்கள். ஒருவர் பெயர் கிலெயோப்பா. மற்றவர் பெயரை லூக்கா எழுதவில்லை. நடுவழியில் மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் நெருங்கியதும் அவர் தாண்டிப் போகிறவர்போலக் காட்டினார். பொழுது சாய்ந்துவிட்டது, இனிமேல் எங்கே போவீர், எங்களோடு தங்கும் என்று இருவரும் விடாமல் அழைத்தார்கள். தங்கினார். பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது.

அந்த அழைப்பிலிருந்து பிறந்தது 'அபைட் வித் மீ' என்ற ஆங்கிலப் பாட்டு. நம் சபைகளில் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து 'என்னோடிரும்' என்று பாடுவது அதைத்தான். ராணுவத்துக்கும் போருக்கும் சம்பந்தமில்லாத இந்த மாலைநேர ஜெபம், உலகம் முழுவதும் போரில் விழுந்தவர்களை நினைக்கும் பாட்டாக ஆனது எப்படி என்பதை எழுத வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை.

எழுதியவர் ஹென்றி பிரான்சிஸ் லைட். 1793-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பிரிக்சம் என்ற மீன்பிடி ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குருவாக இருந்தார். அவருடைய சபையார் கடலுக்குப் போகிறவர்கள். போனவர் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்ற உறுதி இல்லாத ஊர் அது. லைட்டுக்குக் காசநோய். 1847 செப்டம்பரில், நிற்கவே தெம்பில்லாத நிலையில் கடைசிப் பிரசங்கத்தைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், அன்று மாலை இந்தப் பாட்டை எழுதி வீட்டாரிடம் கொடுத்தார் என்று அவர் மகள் பின்னாளில் எழுதினார். பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருப்பார் என்று சொல்கிறவர்களும் உண்டு. வெயில் நாட்டில் உடம்பு தேறும் என்று புறப்பட்டவர் அதே ஆண்டு நவம்பர் 20-இல், இன்று பிரான்சிலுள்ள நீஸ் நகரில் இறந்தார். கல்லறையும் அங்கேதான்.

அவர் குடியிருந்த வீட்டின் பெயர் பெர்ரி ஹெட் ஹவுஸ். நெப்போலியன் போர்க் காலத்தில் அந்த முனையில் கோட்டைக் காவல்படை இருந்தது. அந்தப் படைக்கு ஆஸ்பத்திரியாகக் கட்டப்பட்ட கட்டிடம்தான் போர் முடிந்து ஆண்டுகள் கழிந்தபின் லைட்டின் வீடானது. சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்காகக் கட்டிய அறைகளில் ஒரு நோயாளிக் குரு நடமாடினார். லைட் அதை நினைத்து எழுதினாரா என்பதற்குச் சான்றில்லை. ஆனாலும் பிறகு இந்தப் பாட்டு போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்க்கும்போது, அது பிறந்த சுவர்களை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இராஜபாளையத்துக்கு அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் பகலும் இரவும் விசைத்தறியில் ஓடுவது பேண்டேஜ் துணி. நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளில் காயத்தைக் கட்டும் துணியை நெய்கிற சனம் நாங்கள். காயம் கட்டும் வீட்டில் ஒரு பாட்டு பிறந்தது என்றால் எங்களுக்கு அது தள்ளி நின்று கேட்கிற சேதி இல்லை.

லைட் தாமே ஒரு மெட்டுப் போட்டிருந்தார், அது நிலைக்கவில்லை. 1861-இல் வெளிவந்த 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' என்ற பாட்டுப் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்த வில்லியம் ஹென்றி மாங்க் போட்டதே நாம் பாடும் மெட்டு. 'ஈவன்டைட்' என்று அதற்குப் பெயர். பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லாத மெட்டு. குரல் உடைந்தவன்கூடப் பாடிவிடலாம். துக்க வீட்டில் பாடத் தோதான பாட்டுக்கு இதைவிட வேறு தகுதி வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே எட்டாத சுருதியைப் பிடிக்க யாராலும் முடியாது.

முதல் உலகப்போரில் பாட்டு போர்முனைக்குப் போனது. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்தில் எடித் கேவல் என்ற ஆங்கில நர்ஸ், காயம்பட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று பாராமல் பார்த்தார். நேச நாட்டுச் சிப்பாய்கள் தப்பிப்போகவும் உதவினார். அதற்காக 1915 அக்டோபர் 12 விடியற்காலையில் பிரஸ்ஸல்ஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். முந்தின இரவு சிறைக்குள் போய் நற்கருணை கொடுத்த குரு கேஹன், இருவரும் சேர்ந்து இந்தப் பாட்டின் வரிகளைச் சொன்னோம் என்று எழுதி வைத்தார். சபை இல்லை, ஆர்கன் இல்லை, மெட்டுகூட இல்லை. இருள் இறங்கும்போது கூட இரும் என்று கேட்கிற பாட்டு, உண்மையாகவே விடியலைப் பார்த்துப் பயப்பட வேண்டிய ஒருத்திக்குப் போதுமானதாக இருந்தது. 1920 நவம்பர் 11 அன்று, பெயர் தெரியாத ஒரு சிப்பாயின் உடலை லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தபோதும் இதைப் பாடினார்கள். மகனின் உடல் எங்கே கிடக்கிறதென்று தெரியாத தாய்மார், பெட்டிக்குள் இருப்பது தங்கள் பிள்ளையாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளவே அப்படி ஒரு அடக்கம்.

நம் பக்கத்துக்கு வருவோம். இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரும் சிவகாசியும் சாத்தூரும் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1854-இல் தாமஸ் ராக்லாந்து என்ற மிஷனரி, ஃபென், மெடோஸ் என்ற இரு தோழர்களோடு இந்த வடதிருநெல்வேலிப் பகுதிக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நான்காம் இடம் பிடித்தவர். பங்களா கட்டிக்கொள்ளாமல் கூடாரத்தில் தங்கிக் கிராமம் கிராமமாக நடந்தார். தமிழ் ஊழியர்கள் கூடவே நடந்தார்கள். 1858-இல் சிவகாசியில் இறந்து அங்கேயே அடக்கமானார். மாங்க்கின் மெட்டு பிறந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. ஆகவே நாம் பாடுகிற விதத்தில் ராக்லாந்து இந்தப் பாட்டைப் பாடியிருக்க முடியாது. பின்னால் வந்தவர்கள் வழியாக அது தமிழாகி, பாமாலைக்குள் ஏறி, இங்கே நிலைத்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் கீர்த்தனையும் உண்டு, பாமாலையும் உண்டு. கீர்த்தனை நம் இராகத்தில் எழுந்தது. பாமாலை வெளியூர் மெட்டில் தமிழ்ச் சொல் ஏற்றியது. இரண்டையும் எங்கள் பாட்டிமார் ஒரே மூச்சில் பாடுவார்கள், அவர்களுக்கு இரண்டும் சொந்தம்.

ஆண்டாள் பிறந்த மண் ஸ்ரீவில்லிபுத்தூர். அவள் பாடிய திருப்பாவையின் முப்பது பாசுரம் மார்கழி விடியலில் நாடெங்கும் ஒலிக்கிறது. தாய்லாந்தில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்கு ஒன்றின் பெயரிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் உருமாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் ஊரின் பாட்டு கடல் தாண்டி இன்னொரு சனத்தின் பாட்டாக ஆவது இந்த ஊருக்குப் புதிதில்லை. இறைவனை வா என்று அழைக்கும் பாட்டும் புதிதில்லை. பிரிக்சமிலிருந்து வந்த ஒன்றுக்கு இங்கே இடம் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியம் தோன்றாததற்கு அதுவே காரணம்.

இன்னொரு கிளை டெல்லிக்குப் போனது. குடியரசு நாள் விழா முடிந்து ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் முப்படை இசைக்குழுக்கள் கூடும் 'பீட்டிங் ரிட்ரீட்' நிகழ்ச்சியில், 1950-களிலிருந்து இந்த மெட்டு வாசிக்கப்பட்டு வந்தது. காந்திக்குப் பிடித்த பாட்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்நிகழ்ச்சியின் வேர் பழைய போர்க்கள வழக்கம்: சூரியன் மறையும்போது சண்டையை நிறுத்தி, ஊதுகொம்பு ஊதி, படையைப் பாசறைக்குத் திரும்ப அழைப்பது. திரும்பி வந்தவர்களை எண்ணும் நேரம் அது. எண்ணிக்கையில் குறைகிறவர்களை நினைக்கும் நேரமும் அதுவே. அந்த இடத்தில் இந்தப் பாட்டைவிடப் பொருத்தமான ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 2020-இல் நீக்கப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பின் தொடர்ந்தது. 2022-இல் எடுத்தேவிட்டார்கள். அவ்விடத்துக்கு வந்தது, 1962 சீனப் போரில் இறந்தவர்களுக்காகக் கவி பிரதீப் எழுதி, 1963 ஜனவரி 27 அன்று லதா மங்கேஷ்கர் டெல்லியில் பாடிய 'ஏ மேரே வதன் கே லோகோ'. அதுவும் இறந்த வீரர்களுக்காக நாடு அழுத பாட்டு. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டுக்கும் அந்த மாலையில் இடம் இருந்தது என்பதே என் வருத்தம். வடகிழக்கிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் படைக்குப் போய்த் திரும்பாத கிறிஸ்தவப் பிள்ளைகளின் வீட்டில், தேசம் தங்கள் பாட்டில் தங்கள் மகனை நினைத்தது என்ற ஆறுதல் இருந்தது.

டெல்லி மேடையில் நின்றுபோனாலும் சபைகளின் வாயில் பாட்டு நிற்கவில்லை. எல்லையில் உயிர்விட்ட ஒருவனின் உடல் எங்கள் பக்கத்துக்கு வரும் வழி எல்லாருக்கும் தெரியும். மதுரை விமான நிலையம், திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம். ராணுவ வண்டியில் மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி. வழி நெடுக பள்ளிப் பிள்ளைகள். மேற்கே மலை இருப்பதால் இங்கே சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். பெட்டி வீட்டுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் நிழல் விழுந்திருக்கும். கலெக்டர் மலர்வளையம் வைப்பார். வீரர்கள் வானத்தை நோக்கிச் சுடுவார்கள். பியூகிள் ஊதும். கொடியை மடித்து மனைவி கையிலோ தாய் கையிலோ கொடுப்பார்கள். அரசு செய்ய வேண்டியதைச் செம்மையாகச் செய்து முடிக்கும். கிறிஸ்தவ வீடு என்றால் அதற்குப் பின் சபை ஐயர் அங்கியோடு கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் நடப்பார். மண் போடும் நேரத்தில் யாராவது ஒரு பாமாலையை ஆரம்பிப்பார்கள்.

கடினமான நாட்கள் அதன் பிறகுதான் வருகின்றன. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, கர்த்தருடைய சித்தம் என்பார்கள். நாட்டுக்காகக் கொடுத்த பிள்ளை, அழக்கூடாது என்பார்கள். பரலோகத்தில் பார்ப்போம் என்பார்கள். மூன்றிலும் உண்மை இருக்கலாம். முதல் வாரத்திலேயே சொல்லப்படும்போது அவை தாயின் வாயை அடைத்துவிடுகின்றன. அவள் சொல்ல வந்தது வேறு. அடுத்த லீவில் வந்து மாடி போடுவதாகச் சொல்லியிருந்தான், தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் வருவதாக இருந்தான், கடைசியாகப் பேசியபோது போனில் சிக்னல் சரியில்லை என்று அவள் சொல்ல வேண்டும். முடிந்துபோன வாழ்வைவிட, நடக்கவிருந்த வாழ்வே அவள் பேச்சில் அதிகம்.

எம்மாவு வழியில் நடந்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். இவர்தான் மீட்பார் என்று நம்பியிருந்தோமே என்பது அவர்கள் புலம்பல். வழியில் சேர்ந்துகொண்டவர் எடுத்த எடுப்பில் விளக்கம் சொல்லவில்லை. தமக்கு எல்லாம் தெரிந்திருந்தும், எதைப்பற்றிப் பேசிக்கொண்டு வருகிறீர்கள், ஏன் துக்கமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர்கள் நடந்ததை முதலிலிருந்து சொல்லி முடிக்கும்வரை கூடவே நடந்தார். வேதவாக்கியங்களை விளக்கியது அதற்கு அப்புறம். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். கிறிஸ்தவ ஆறுதலின் வரிசையே இதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்: கேட்பது, கூட நடப்பது, பிறகு பேசுவது, பந்தியில் உட்காருவது. லைட் அந்த அதிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு வேண்டுதலை மட்டும். ஏன் இப்படி நடந்தது என்று பாட்டு கேட்கவில்லை. யாரையும் வீரன் என்று புகழவும் இல்லை, அழாதே என்று அடக்கவும் இல்லை. போகாமல் கூட இரும் என்கிறது. உயிர்த்தெழுதலின் நம்பிக்கை அதில் கடைசியாகத்தான் வருகிறது, இருட்டை முழுதாக ஒப்புக்கொண்ட பிறகு. விசுவாசம் உள்ளவர்களுக்கும் இருட்டு இருட்டாகவே இருக்கும் என்று தெரிந்த ஒருவரின் பாட்டு இது.

பர்மாவில் தௌக்யான் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில், இரண்டாம் உலகப்போரில் இறந்து கல்லறை கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலோர் இந்தியப் படையினர். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும் முதல் உலகப்போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. கல்லில் பெயர் இருப்பது பெரிய காரியம். அந்தப் பெயரைத் தன் ஊர் ஆலயத்தில் வாய்விட்டு வாசிக்கக் கேட்பது வீட்டாருக்கு அதைவிடப் பெரியது.

டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். 1949 முதல் நாடு கடைப்பிடிக்கும் நாள். கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் ஆயத்த நாட்களுக்குள் வருகிறது. உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்வதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அந்த வாரத்து ஞாயிறு மாலை ஆராதனையில், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் சுற்றுவட்டச் சபைகளிலும், படையில் இறந்த நம் பிள்ளைகளின் பெயர்களை வாசிக்க வேண்டும். பிற மதத்துப் பிள்ளைகளின் பெயர்களும் சேர்ந்து வரட்டும், அவர்கள் வீட்டாரையும் அழைப்போம். பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு, அவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று வீட்டார் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சபை உட்கார்ந்து கேட்கட்டும். பாமாலை அதற்குப் பிறகு. பாடி முடித்ததும் ஐயரும் மூப்பர்களும் அந்த வீட்டாரோடு போய் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும்.